இலைக்கு வாய் உண்டு

சித்திரைப் புத்தாண்டு முடிந்த மூன்றாம் நாள், அம்மாவை அழைத்துக்கொண்டு வவுனியாவிலிருந்து அட்டனுக்குப் புறப்பட்டேன். மாமா வீட்டில் ஒரு விசேஷம். விடியற்காலை பஸ் மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று வந்து கண்டியில் எங்களை இறக்கிவிட்டபோது பத்து மணி தாண்டிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்காகத் தகரக் கூரையின் கீழே நின்றோம். வெயில் எங்கள் மேல் விழவில்லை. ஆனாலும் தலைக்கு மேலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார்.

“முப்பது வருசமா இந்த வழியில போறேன், வாறேன். அந்தப் பூந்தோட்டத்துக்குள்ள ஒரு நாளும் போனதில்ல தம்பி” என்றார் திடீரென்று. அட்டன் பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகும். மாமா வீட்டுக்கு மாலைக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். பேராதனை தாவரவியற் பூங்காவின் வாசலில் இறங்கிவிட்டோம்.

உள்ளே நுழைந்து நூறு அடிகூட நடந்திருக்க மாட்டோம். அம்மா நின்றார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

“அங்க தகரத்துக்குக் கீழயும் நெழல்தான். இங்கயும் நெழல்தான். ஆனா இது வேற நெழலா இருக்கே?”

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறவன். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் இலையின் குறுக்குவெட்டைப் படமாக வரைந்திருக்கிறேன். அம்மா கேட்டதுபோல ஒரு கேள்வியை எந்த மாணவரும் கேட்டதில்லை. அன்று பகல் முழுவதும் அந்தக் கேள்விக்கான விடையைத் தேடித்தான் அந்தப் பூங்காவில் நடந்தோம் என்று சொல்லலாம். விடை போகப் போக நீண்டது. கடைசியில் அது அம்மாவின் வாழ்க்கை வரை வந்து நின்றது.

இரண்டு நிழல்கள்

ஏப்ரல் மாதத்தின் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. 5ஆம் திகதி வாக்கில் தென்முனையில் உச்சிக்கு வந்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து, 15ஆம் திகதி வாக்கில் யாழ்ப்பாணத்தைக் கடக்கிறது. அந்த நாட்களில் நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். தகரக் கூரைமீதும் மர உச்சிமீதும் விழுவது ஒரே வெயில்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டு இரண்டும் செய்கிற காரியம் வேறு.

தகரம் வெயிலை வாங்கிச் சூடாகிறது. சூடானதும் அந்த வெப்பத்தை மேலும் கீழும் வீசுகிறது. அதற்கு வேறு வழி இல்லை. இலைக்கு இருக்கிறது. தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் இலை உணவு தயாரிக்கப் பயன்படுத்துகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அதை அப்படியே வைத்திருந்தால் இலை வெந்துவிடும். எனவே, நாம் வியர்ப்பதுபோல இலை நீரை ஆவியாக்குகிறது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது.

எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு பெரிய மரம் வெயில் நாளில் நூறு லீற்றருக்கு மேல் நீரை ஆவியாக்க முடியும். நூறு லீற்றர் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் அறையில் பொருத்தும் ஒரு ‘டன்’ குளிரூட்டி 19 மணி நேரம் இடைவிடாமல் ஓடினால்தான் அந்த அளவு வெப்பத்தை அகற்றும். மரம் அதை மின்சாரம் இல்லாமல், ஓசை இல்லாமல், வாடகை கேட்காமல் செய்கிறது. அறைக் குளிரூட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளித் தெருவைச் சூடாக்குகிறது. மரம் அதை நீராவியோடு வானத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுகிறது.

அம்மாவின் வேறு நிழல் இதுதான். தகரத்தின் நிழலில் வெயில் மட்டும் மறைகிறது. மரத்தின் நிழலில் வெப்பமும் கழிகிறது.

இரண்டு காவலர்கள்

நீராவி வெளியேறும் வழி இலையின் தோலில் உள்ள நுண்ணிய துளைகள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவற்றுக்கு ‘இலைத்துளை’ என்று பெயர். எங்கள் இலங்கைப் பாடநூல்கள் ‘இலைவாய்’ என்கின்றன. எனக்கு இரண்டாவது சொல்லே பிடிக்கும். துளை சும்மா திறந்து கிடக்கும். வாய் திறக்கும், மூடும். வாயால் மூச்சும் விடலாம், நோயையும் விழுங்கலாம். இலையின் வாய் இவை எல்லாவற்றையும் செய்கிறது.

ஒரு சாதாரண இலையின் ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பில் நூறு முதல் முந்நூறு இலைவாய்கள் வரை இருக்கும். பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் அந்தப் புள்ளிக்குள் நூறு வாய்கள் அடங்கிவிடும். பெரும்பாலான மரங்களில் அவை இலையின் அடிப்பக்கத்தில்தான் உள்ளன. நேர் வெயிலும் தூசியும் படாத பக்கம் அது.

ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு உதடுகள் போல இரண்டு காவற்கலங்கள். அவரை விதையைப் போன்ற வடிவம். வெளிச்சம் பட்டதும் அவை பொற்றாசியம் அயன்களை உள்ளே இழுக்கின்றன. உப்பு இருக்கும் இடத்துக்கு நீர் போகும் அல்லவா? அதுபோலப் பக்கத்துக் கலங்களிலிருந்து நீர் உள்ளே பாய்கிறது. காவற்கலங்கள் புடைத்து, வில்லாய் வளைந்து, நடுவில் இடைவெளி விடுகின்றன. வாய் திறந்துவிட்டது. வேர் வறண்டால் ஒரு வேதிப்பொருள் செய்தியாக வந்து சேரும். உடனே பொற்றாசியம் வெளியேறும், நீர் வடியும், கலங்கள் தளரும், வாய் மூடிக்கொள்ளும். நரம்பு இல்லை, மூளை இல்லை. ஆனாலும் வெளிச்சத்தையும் வரட்சியையும் பார்த்து ஒரு மரத்தின் கோடிக்கணக்கான வாய்கள் நாள்தோறும் திறந்து மூடுகின்றன.

ஆனால் மரம் வாயைத் திறப்பது நமக்குக் குளிர்ச்சி தருவதற்காக அன்று. பசியால்தான் திறக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு உள்ளே வந்தால்தான் சீனி செய்யலாம், உடல் வளர்க்கலாம். வாயைத் திறந்தாலோ உள்ளே இருக்கும் ஈரம் வெளியே ஓடிவிடுகிறது. ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் போய்விடுகின்றன. வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பங்கு இப்படித்தான் போகிறது. திறந்தால் தாகம், மூடினால் பட்டினி. உலகத்துச் செடிகளெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைக்கின்றன.

இப்படிப் போகும் நீரைத் தராசில் வைத்து நிறுத்த முன்னோடி ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்தியைக் காலையும் மாலையும் எடைபோட்டு, இலைகள் வழியாக எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிட்டார். 1727இல் நூலாக வெளியிட்டார். அந்த நீர் எப்படி இத்தனை உயரம் ஏறுகிறது என்பதற்கு 1894இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இருவர் விடை சொன்னார்கள். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு வேரிலிருந்து இலை வரை அறுபடாத ஒரு கயிறாக நிற்கின்றன. மேலே இலைவாயில் ஒரு மூலக்கூறு ஆவியாகும்போது அதன் பின்னால் நிற்பது மேலே வருகிறது. இப்படிக் கயிறு முழுவதும் மேலேறுகிறது. கிணற்றில் வாளியை இழுக்கக் கை வேண்டும். மரத்தில் அந்தக் கை வெயில்தான்.

ஆற்றங்கரை மூங்கில்

பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். மகாவலி ஆறு அதை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. திருகோணமலையில் கடலைச் சேரும் அதே ஆறு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகைத் தாவரங்கள் அங்கே உள்ளன. கண்டி மன்னர்கள் காலத்தில் அரச தோட்டமாக இருந்த இடம் 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் தாவரவியற் பூங்காவாயிற்று.

ஆற்றங்கரையில் மியன்மார் நாட்டு இராட்சத மூங்கில்கள் நூறடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. ஒரு மூங்கிலை இரு கைவிரல்களாலும் சுற்றிப் பிடித்தால் விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடாது. அவ்வளவு பருமன். ஆனாலும் அது மரம் அன்று, புல். நெல்லுக்கும் அறுகுக்கும் உறவு.

மரம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும். மூங்கிலுக்கு அந்த வழக்கம் இல்லை. நிலத்திலிருந்து தலைகாட்டும்போதே அந்த முளைக்கு முழுப் பருமன் இருக்கும். கணுக்களும் ஏறக்குறைய எல்லாமே உள்ளே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பிறகு நடப்பது நீட்சி மட்டும்தான். ஒவ்வொரு கணுவுக்கும் மேலே உள்ள இளங்கலங்கள் நீரை வாங்கி நீள்கின்றன. மடக்கி வைத்த குடைக்காம்பை இழுப்பதுபோல மூங்கில் நீள்கிறது. நல்ல மழைக்காலத்தில் ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல் வளரும்.

1904இல் ஆர். எச். லாக் என்ற தாவரவியலாளர் இதே பூங்காவில் இந்த மூங்கிலின் வளர்ச்சியை அளந்து, காற்றின் ஈரப்பதத்துக்கும் வளரும் வேகத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதினார். காரணம் இலைவாயில்தான் இருக்கிறது. உலர்ந்த வெயிலில் மூத்த மூங்கில்களின் இலைகள் நீரை இழுத்து ஆவியாக்குகின்றன. நீட்சிக்கு வேண்டிய நீர் முளைக்குக் கிடைப்பதில்லை. காற்று ஈரமாக இருந்தால், வாய்கள் மூடும் இரவு வந்தால், நீர் மிஞ்சுகிறது. முளையின் கலங்கள் புடைத்து நீள்கின்றன. மூங்கில் வளரும் வேகத்தை அதன் தலைக்கு மேலே உள்ள இலைவாய்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இதைச் சொன்னபோது அம்மா தலையாட்டினார். “தேயிலையும் அப்பிடித்தான். மழை ஈரம் இருந்தாக் கொழுந்து தள்ளிக்கிட்டு வரும். வெயில் நின்னுச்சுன்னா மலையே சும்மா நிக்கும். கூடை நெறயாது” என்றார். தோட்டத்தில் கொழுந்து பறித்த முப்பது வருடமும் அந்தக் கணக்கை அவர் நிறுவைத் தராசில் பார்த்திருக்கிறார்.

பகலில் மூடும் வாய்

பூங்காவின் ஓர்கிட் மனைக்குள் நுழைந்தோம். மண்ணே இல்லாமல், மரப்பட்டையிலும் கரித்துண்டிலும் ஒட்டிக்கொண்டு பூத்திருந்தன அந்தச் செடிகள். மரக்கிளையில் வாழும் செடிக்கு மழை நின்றதும் வரட்சி தொடங்கிவிடும். பகலில் வாயைத் திறந்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். எனவே இவற்றில் பல, வாயைப் பகலில் மூடிவிட்டு இரவில் திறக்கின்றன. இரவின் குளிர்ந்த காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை வாங்கி, ஓர் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கின்றன. விடிந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு, வெளிச்சத்தில் அந்தச் சேமிப்பை எடுத்துச் சீனி செய்கின்றன. அன்னாசியும் கள்ளியும்கூட இப்படித்தான்.

இந்த இரகசியத்தின் முதல் தடயம் கிடைத்தது ஒரு நாக்கில். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹேய்ன் என்பவர் ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சப்பென்று இருந்தது, மாலையில் இலேசாகக் கசந்தது. 1813இல் இலண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறித்து வைத்தார். இரவெல்லாம் சேர்ந்த அமிலம்தான் காலைப் புளிப்பு. அது செலவானதும் புளிப்பும் போயிற்று. இதன் முழு விளக்கம் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அங்கிருந்து இரட்டைத் தேங்காய் மரங்களின் பக்கம் வந்தோம். கடல் தேங்காய் என்றும் சொல்வார்கள். உலகில் இது இயற்கையாக வளர்வது சீசெல்சின் சில தீவுகளில் மட்டுமே. தாவர உலகின் மிகப் பெரிய விதை இதனுடையது. பதினைந்து கிலோவைக்கூடத் தாண்டும். காய் முதிர ஆறேழு ஆண்டுகள் ஆகும். கடலில் மிதந்து மாலைதீவுக் கரைகளில் ஒதுங்கிய வெற்றுக் கொட்டைகளைப் பார்த்த பழங்காலத்தவர், இந்த மரம் கடலடியில் வளர்கிறது என்று நம்பினார்கள். உயிருள்ள காய் கனம் தாங்காமல் நீரில் மூழ்கிவிடும். மிதந்து வருவது உயிர் போன கொட்டைதான். அதனால்தான் தானாகக் கடல் கடந்து வேறு தீவில் இந்த மரம் முளைக்கவில்லை.

அதன் இலையைப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக விசிறிபோல் விரிந்து, காம்பை நோக்கிச் சரிந்து, ஓடும் பீலியுமாகச் சேர்த்துக் கட்டிய கூரைபோல இருக்கிறது. மழை பெய்யும்போது அந்த மடிப்புகள் நீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மேலே விழுந்த மகரந்தம், பறவை எச்சம், உதிர்ந்த சருகு எல்லாவற்றையும் கழுவித் தண்டு வழியாகத் தன் அடியில் கொட்டுகின்றன. சீசெல்சில் அந்த மரங்களின் அடிமண்ணைச் சோதித்தவர்கள், சற்றுத் தள்ளியுள்ள மண்ணைவிட அங்கே நைதரசனும் பொசுபரசும் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய விதையை ஏழை மண்ணில் வளர்க்கும் தாய், எருவைத் தானே சேர்த்துக்கொள்கிறது.

உச்சி வெயிலில் ஒரு மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஓர் இறக்கையை மெல்ல வீசியபடி இருந்தது. அவ்வப்போது அவை இறக்கையை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். ஈரம் உலரும்போது உடல் குளிரும். விசிறிக்கொண்டிருந்த வௌவால், அதைத் தாங்கிய மரம், முந்தானையை விசிறிய அம்மா, மூவர் செய்ததும் ஒரே காரியம். நீரைக் கொடுத்துக் குளிர்ச்சி வாங்குவது.

ஊர்விட்டு வந்தவை

நாகலிங்க மரத்தைக் கண்டதும் அம்மா செருப்பைக் கழற்றினார். கீழே விழுந்திருந்த ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாகம் படம் எடுத்து லிங்கத்தைக் காப்பதுபோன்ற அந்தப் பூ நம் கோயில்களில் பூசைக்குரியது. அதே மரத்தைச் சிங்கள பௌத்தர்கள் ‘சல்’ என்று அழைத்து விகாரைகளில் வணங்குகிறார்கள். அதன் பிறந்த ஊரோ தென் அமெரிக்கா. பூங்காவில் அந்த இன மரம் ஒன்றை 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகவும் மேரி அரசியாகவும் ஆனவர்கள் நட்டார்கள்.

பூவுக்குள்ளும் ஓர் அற்புதம். அதில் தேன் இல்லை. வண்டுக்குக் கூலி மகரந்தம்தான். எனவே மரம் இரண்டு வகை மகரந்தம் செய்கிறது. படம்போல் வளைந்த பகுதியில் இருப்பது வண்டுக்கான சாப்பாடு. கீழே வளையமாக இருப்பது இனம் பெருக்குவதற்கானது. வண்டு மேலே சாப்பிடும்போது அதன் முதுகில் கீழ் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது.

கடல் கடந்து வந்து நம்முடையதாகிவிட்ட மரம் நாகலிங்கம் மட்டும் அன்று. பேராதனைப் பூங்கா தொடங்கியபோதே அதன் முக்கிய வேலை ஊர்விட்டு ஊர் செடி மாற்றுவதுதான். கோப்பியின் தாயகம் எத்தியோப்பியா. தேயிலை 1824இல் சீனாவிலிருந்து இங்கே வந்தது. 1839இல் அசாமிலிருந்தும் வந்தது. ஆனால் பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. எல்லார் கண்ணும் கோப்பிமேல்.

கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் எரிக்கப்பட்டன. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் பஞ்சம் பிடித்த கிராமங்களிலிருந்து எங்கள் முன்னோர் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னாருக்கு வந்தார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அன்று காலை மதவாச்சியிலிருந்து நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது அந்த வழியில்தான். 2023இல், வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

வாய்க்குள் வந்த எதிரி

1869இல் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் தோன்றியது. விரலால் தொட்டால் மஞ்சள்போல ஒட்டிக்கொள்ளும். பூங்காவின் தலைவராக இருந்த துவெய்ட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பூஞ்சண அறிஞர் ஆராய்ந்து, ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் ‘பாழாக்குபவள்’ என்று பொருள்.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இந்த நோயை ஆராய்வதற்காக இலங்கைக்கு வந்தார். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி என்றும், காற்று அதைச் சுமந்து போகிறது என்றும் காட்டினார். இலையின் அடியில் ஒரு துளி ஈரம் கிடைத்தால் வித்தி முளைக்கும். முளைக்குழாய் தோலின்மேல் ஊர்ந்து நுழைவழி தேடும். அது கண்டுபிடிக்கும் வழி இலைவாய். உள்ளே புகுந்து கலங்களின் சாற்றைக் குடித்து வளரும். பிறகு அதே வாய் வழியாகப் புதிய வித்திகளை வெளியே தள்ளும். உள்ளே போனபின் அன்றைய மருந்து எதுவும் எட்டாது. இலை மூச்சுவிடத் திறந்த வாயே எதிரி நுழையவும் வெளியேறவும் கதவாயிற்று.

எத்தியோப்பியக் காட்டில் கோப்பி மற்ற மரங்களின் நிழலில், பலவகைச் செடிகளுக்கு நடுவே வாழ்ந்தது. அங்கே ஒரு வித்தி காற்றில் புறப்பட்டால் பெரும்பாலும் வேறு மர இலையில்தான் மோதும், வீணாகும். இலங்கையில் மலைக்குமேல் மலையாக, இடையில் ஒரு வேலி மரம்கூட இல்லாமல், கோப்பி மட்டுமே நின்றது. புறப்பட்ட வித்தி எங்கே விழுந்தாலும் அங்கே ஒரு கோப்பி இலை. அந்த இலையில் ஆயிரமாயிரம் வாய்கள். 1870 அளவில் ஆண்டுக்குப் பத்துக் கோடி இறாத்தல் கோப்பி ஏற்றுமதி செய்த தீவில், இருபது ஆண்டுகளில் அது பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது.

பட்டுப்போன கோப்பியைப் பிடுங்கிய இடத்தில் தேயிலை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்தார். அதோடு எங்கள் மக்களின் வாழ்க்கையும் மாறியது. கோப்பிப் பழம் பறிப்பது ஒரு பருவத்து வேலை. பறித்து முடித்தபின் பலர் ஊருக்குத் திரும்பிப் போவார்கள். தேயிலை அப்படி விடாது. வாரத்துக்கு ஒரு முறை கொழுந்து துளிர்க்கும், வருடம் முழுவதும் எடுத்தாக வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள், வரிசை வீடுகளான லயங்களில் தங்கினார்கள், அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே புதைந்தார்கள். மலையகத் தமிழர் என்ற ஒரு மக்கள் கூட்டம் வேரூன்றியதற்குக் காரணங்கள் பல. ஓர் இலைவாய்க்குள் நுழைந்த பூஞ்சணமும் அவற்றில் ஒன்று.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க தோட்டத்துல லயத்துக்குப் பின்னாடி ரெண்டு கோப்பிச் செடி நின்னுச்சு. யாரு வச்சதுன்னு யாருக்கும் தெரியாது.”

பெயர்ப்பலகையின் அருமை

கோப்பியின் நோய் இலங்கையோடு நிற்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1970இல் பிரேசிலை எட்டியது. தேயிலைக்கும் 1946இல் கொப்புள நோய் வந்தது. அம்மாவுக்கு அதை நன்றாகத் தெரியும். மூடுபனிக் காலத்தில் கொழுந்தில் கண்ணாடிபோல் புள்ளி விழுந்து, பிறகு கொப்புளமாய் வெளுக்கும் என்று கையிலே வரைந்து காட்டினார். ஒரே செடியை மலை முழுவதும் நட்டால் ஒரு நோய் போதும் என்ற பாடத்தை உலகம் ஒவ்வொரு பயிரிலும் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறது.

தாவரவியற் பூங்கா இதற்கு நேர் எதிரானது. பத்தடிக்கு ஒரு மரம் மாறுகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் பெயரும் பிறந்த நாடும் எழுதிய பலகை. அலங்காரத்துக்காக எழுதியதன்று அது. இந்த இலைக்கு நோய் வந்தால் நோய் எங்கிருந்து வந்திருக்கலாம், நோயைத் தாங்கும் உறவுச்செடி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கும் இடம் அந்தப் பலகை. பெயர் தெரியாத செடியை யாராலும் காப்பாற்ற முடியாது. செடி மாற்றுவதற்கென்று தொடங்கிய பூங்காதான் அந்தச் செடியின் நோயை அடையாளம் காணவும் உதவியது என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

மாலை மூன்று மணிக்கு அட்டன் பஸ் ஏறினோம். நாவலப்பிட்டி தாண்டி ஏறியதும் இரு பக்கமும் தேயிலை. அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோகும் மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த இலைகளிலும் வாய்கள் அடிப்பக்கத்தில்தான் உள்ளன.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் வேம்போ மாவோ நின்றால், நாளை நண்பகலில் ஒரு சிறு கிளையை இலைகளோடு கண்ணாடி போன்ற பொலித்தீன் பைக்குள் விட்டு, வாயைக் கயிற்றால் கட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். பையின் உட்பக்கம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்திருக்கும். அந்த மரத்தின் வாய்கள் விட்ட மூச்சு அது. பார்த்தபின் பையை அவிழ்த்துவிடுங்கள். அடுத்த மழைக்கு மரம் நடும்போது, ஒரே வகையில் பத்துக் கன்றுகள் வாங்காதீர்கள். பத்து வகையில் ஒவ்வொன்று வாங்குங்கள்.